ஹெல்மெட் தெரியும், கிளிப் தெரியாது

கோபாலபுரம் செக்போஸ்ட் வருவதற்குச் சற்று முன்னால், பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. காலை எட்டு மணி வாக்கில் அங்கே நின்றால் தினமும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். கேரளத்துக்குள் போகும் பைக்குகள் அந்த இடத்தில் வேகம் குறைகின்றன. பெட்ரோல் டேங்க் மேல் கிடந்த ஹெல்மெட், முழங்கையில் கோத்திருந்த ஹெல்மெட், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மடியில் இருந்த ஹெல்மெட் எல்லாம் தலைக்கு ஏறுகின்றன. சாயங்காலம் திரும்பி வரும்போது அதே இடத்தில் கழற்றுகிறார்கள். எனக்குக் குடியிருப்பு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலை தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி. அதனால் பல வருடமாக இந்தக் காட்சியைக் கடந்துதான் போய்வருகிறேன்.

ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் தமிழ்நாட்டில் 1,000 ரூபாய். கேரளத்தில் 500 ரூபாய். அபராதம் இரண்டு மடங்காக இருக்கிற பக்கத்தில் கழற்றுகிறார்கள், பாதியாக இருக்கிற பக்கத்தில் மாட்டுகிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அங்க கேமரா இருக்குதுங்க." தொகை எவ்வளவு என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிடிபடுவோமா மாட்டோமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இது தினசரிப் பாடம். பைக்கில் என்னென்ன இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் என்னென்ன அணிய வேண்டும் என்று சட்டம் நிறையவே சொல்கிறது. ஆனால் ரோட்டில் நிற்கிற போலீஸ்காரரின் கண்ணுக்கும் கம்பத்தில் இருக்கிற கேமராவுக்கும் அகப்படுவது அதில் ஒரு பகுதிதான். அகப்படாத பகுதியில்தான் உயிர் போகிற விஷயங்கள் பல இருக்கின்றன.

ஒரே சட்டம், இரண்டு தொகை

இரண்டு மாநிலத்துக்கும் சட்டம் ஒன்றுதான். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன் கீழ் 1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளும். ஹெல்மெட் பற்றிப் பேசுவது 129-வது பிரிவு. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும், ஓட்டுபவரும் சரி பின்னால் இருப்பவரும் சரி, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரத்துக்கு ஏற்ற தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது அது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் 194டி என்ற பிரிவைச் சேர்த்தது. 1,000 ரூபாய் அபராதம், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு.

அப்படியானால் கேரளத்தில் எப்படி 500? அதே சட்டத்தின் 200-வது பிரிவு, சில குற்றங்களைக் கோர்ட்டுக்குப் போகாமலே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள வழி தருகிறது. அந்தத் தொகையை மாநில அரசு நிர்ணயிக்கலாம். புதிய அபராதங்கள் மக்களுக்குத் தாங்காது என்று எழுந்த எதிர்ப்பால், கேரள அரசு 2019 அக்டோபரில் பல தொகைகளைக் குறைத்தது. ஹெல்மெட்டுக்கு 500 ஆனது அப்போதுதான். சட்டத்தில் உள்ள தொகைக்குக் கீழே மாநிலங்கள் இறங்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. கேரளம் 500-ஐ மாற்றவில்லை. தமிழ்நாடு வேறு வழியில் போனது. மூன்று வருடம் பழைய 100 ரூபாயிலேயே இருந்துவிட்டு, 2022 அக்டோபரில் ஒரே தாவலில் 1,000-க்கு ஏறியது. அந்த வாரம் பொள்ளாச்சியில் ஹெல்மெட் கடைகளில் நின்ற கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு ஜவுளி எடுக்கிற கூட்டம் மாதிரி இருந்தது. ஒரு மாதத்தில் அந்தச் சூடு ஆறிவிட்டது.

பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்டுக்கு இரண்டு பக்கமும் கோர்ட் தலையிட வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இருவருக்கும் கட்டாயம் என்று அறிவித்தார்கள். கேரளத்தில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2019 டிசம்பர் 1 முதல் பின்னிருக்கைக்கும் சோதனை தொடங்கியது. உத்தரவு வருகிற வாரத்தில் ரோடெல்லாம் ஹெல்மெட், அப்புறம் மெல்ல மெல்லக் குறைவது என்பதுதான் இரண்டு பக்கத்து வரலாறும்.

கம்பத்தில் ஏறிய கண்

கேரளத்தில் இந்த வழக்கத்தை உடைத்தது கேமராதான். 'சேஃப் கேரளா' திட்டத்தில் கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் மாநிலம் முழுக்க 726 கேமராக்களை அமைத்தது. அவற்றில் 675, ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது செல்போன் போன்றவற்றைத் தானாகக் கண்டுபிடிப்பவை. 2023 ஜூன் 5 முதல் இவற்றை வைத்து அபராதம் போடத் தொடங்கினார்கள். கேமரா எடுத்த படம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கே ஓர் ஆள் பார்த்து உறுதி செய்த பிறகு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நோட்டீஸ் வரும். அதில் தலையும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும். "நான் அங்க போகவே இல்லையே" என்று சொல்ல முடியாது.

திட்டச் செலவு, ஒப்பந்தம் பற்றியெல்லாம் கேரளத்தில் பெரிய அரசியல் சண்டை நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. பைக் ஓட்டுகிறவனாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேமராவுக்கு சிபாரிசு தெரியாது, சாதி தெரியாது, வண்டியில் ஒட்டியிருக்கிற கட்சிக் கொடி தெரியாது. ஆள் நின்று பிடிக்கிற சோதனை அப்படி இல்லை. மாதக் கடைசியில் நிற்பார்கள், இன்ன வளைவில் நிற்பார்கள், மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டிவிடுவார். ஆயிரம் ரூபாய்க்குப் பயப்படாத ஊர், ஐநூறு ரூபாய்க்குப் பயப்படுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு நல்லதும் உண்டு. கேமரா யாரையும் துரத்தாது. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில் நடந்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கைத் துரத்திச் சென்ற போக்குவரத்து இன்ஸ்பெக்டர் வண்டியை எட்டி உதைத்தார் என்பது வழக்கு. பின்னால் இருந்த பெண் கீழே விழுந்து இறந்துபோனார். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். உயிரைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட் சட்டம். அந்தச் சட்டத்தை அமல்படுத்தப் போய் ஓர் உயிரை எடுத்துவிட்டால் அந்தச் சட்டத்துக்கு ரோட்டில் என்ன மதிப்பு மிஞ்சும்? அடுத்த வருடம், 2019 நவம்பரில், கேரள உயர் நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஹெல்மெட் போடாதவரை ரோட்டின் குறுக்கே பாய்ந்தோ துரத்தியோ பிடிக்கக் கூடாது, கேமரா போன்ற நவீன வழிகளைப் பயன்படுத்த வேண்டும் என்றது.

போலீஸ் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

எங்கள் பக்கத்து இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சீருடையில் இருக்கிற எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸ் கேட்கலாம். 130-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. கேரளத்தில் போலீஸ் மட்டும் இல்லை, 'எம்விடி' என்று எல்லாரும் சொல்கிற மோட்டார் வாகனத் துறை இன்ஸ்பெக்டர்களும் ரோட்டில் நிற்பார்கள், அவர்களும் கேட்கலாம். காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அரசின் ஆவணச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும் என்று 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். வெறுமனே போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

வண்டியைப் பிடித்து வைப்பது 207-வது பிரிவு. லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவது, வயது வராதவர் ஓட்டுவது, பதிவே இல்லாத வண்டி, பர்மிட் இல்லாத வண்டி ஆகியவற்றுக்காக வைத்த பிரிவு அது. ஹெல்மெட் இல்லை என்ற ஒரே காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்குவதற்கும் சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது. இதைத் தெரிந்துகொள்வது ரோட்டில் நின்று வாதாடுவதற்காக இல்லை. வாதாடினால் நேரம்தான் போகும். சலான் போடச் சொல்லுங்கள், போட்ட சலானை வாங்கிக்கொள்ளுங்கள். தப்பு இல்லை என்று நினைத்தால் பணம் கட்டாமல் கோர்ட்டில் சொல்லலாம். பணம் கட்டித் தீர்த்துக்கொள்வது ஒரு வசதிதான், கட்டாயம் கிடையாது. ரசீது இல்லாமல் கையில் கொடுக்கிற பணம் எந்த மாநிலத்துக்கும் அபராதமாகப் போய்ச் சேர்வதில்லை.

நடுவில் ஒரு எச்சரிக்கை. சலான் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் கூடவே ஏபிகே ஃபைலும் (போனில் செயலியை ஏற்றுகிற ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். நிஜமான சலானைப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆர்டிஓ ஆபீஸும் செயலியை ஏற்றச் சொல்லி ஃபைல் அனுப்பாது.

தெர்மாகோல் இல்லாத ஹெல்மெட்

வேலந்தாவளத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் இருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் செயின் மாற்றப் போனபோது, மேஜை மேல் ஒரு ஹெல்மெட்டை ஆக்ஸா பிளேடால் நடுவே அறுத்து இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார். ஈர ரோட்டில் வழுக்கி விழுந்த ஒருவரின் வண்டி ரிப்பேருக்கு வந்திருக்கிறது, கூடவே அந்த ஹெல்மெட்டும்.

"பாருங்க தம்பி, உள்ள ஒன்னுமே இல்ல. துணியும் ஸ்பாஞ்சும் மட்டுந்தான்" என்றார்.

"ஆளு எப்படிங்கண்ணா இருக்காரு?"

"தலையில ஏழு தையலு. மெதுவா விழுந்ததால தப்பிச்சாரு. இருநூத்தம்பது ரூபாய்க்கு வாங்குனாராம், கேமராவுக்காக."

அப்புறம் பக்கத்தில் கிடந்த இன்னொரு ஹெல்மெட்டையும் எடுத்துக் காட்டினார். அதுவும் அறுபட்டதுதான், ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. வெளி ஓட்டுக்கும் உள் துணிக்கும் நடுவில் விரற்கடை தடிமனுக்கு வெள்ளைத் தெர்மாகோல் அடர்த்தியாக இருந்தது. ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது அந்தத் தெர்மாகோல்தான். வெளி ஓடு, அடி விழுந்த ஒரு புள்ளியின் வேகத்தைப் பரப்பிக் கொடுக்கிறது. தெர்மாகோல் நசுங்குகிறது. அது நசுங்கும் நேரத்தில் தலையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அது இல்லாவிட்டால் தலை ஒரே நொடியில் நின்றுவிடும், உள்ளே இருக்கிற மூளை நிற்காமல் மண்டை ஓட்டில் போய் மோதும். ஒரு தடவை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது என்பதால், பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

இந்த ஹெல்மெட்டுகளுக்கு ஒரு இந்தியத் தரம் உண்டு. ஐ.எஸ். 4151 என்பது அதன் எண். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். முத்திரைக்கு அருகே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அதைப் போட்டால் நிஜமா போலியா என்று தெரிந்துவிடும். 129-வது பிரிவு கேட்பதும் இந்தத் தரத்தில் உள்ள ஹெல்மெட்டைத்தான். அதாவது 250 ரூபாய்த் தொப்பியைப் போட்டவர் சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட் போடாதவர்தான். ஆனால் கேமராவின் கண்ணில் அவர் போட்டவர்.

கிளிப் விஷயமும் இப்படித்தான். தலைக்கவசம் என்றால் என்ன என்று 129-வது பிரிவே ஒரு விளக்கம் தருகிறது. பட்டையால் தலையோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. கிளிப் போடாத ஹெல்மெட்டுக்கும் அதே அபராதம் விதிக்கலாம் என்பது இதனால்தான். விழுகிற வேகத்தில் முதலில் கழன்று பறப்பது கிளிப் போடாத ஹெல்மெட். தலை தரையில் படும்போது அது பத்தடி தள்ளி உருண்டுகொண்டிருக்கும். எங்கள் ரோட்டில் ஹெல்மெட் போடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், கிளிப்பின் இரண்டு முனையும் காற்றில் ஆடிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! இதைச் சொல்வதில் எனக்குக் கோபம் இருக்கிறது, ஏனென்றால் இவர்கள் ஹெல்மெட் வாங்கக் காசு செலவழித்தவர்கள், வெயிலில் வேர்வையோடு அதைச் சுமப்பவர்கள். எல்லாச் சிரமத்தையும் பட்டுவிட்டுக் கடைசி அரை நொடி வேலையைச் செய்யாமல் விடுகிறார்கள்.

ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாதவர்கள். அந்த 50,029-ல் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். முறையாக அணிந்த ஹெல்மெட் இறப்பு ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை. நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட் போட வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி வந்தது, 2023 பிப்ரவரி முதல் அமல். கேரளத்தில் கேமரா வந்தபோது, அப்பா அம்மாவுக்கு நடுவில் குழந்தை உட்கார்ந்தால் மூன்று பேர் என்று அபராதம் வருமே என்று பெரிய கூச்சல் எழுந்தது. 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை மூன்றாவது ஆளாக இருந்தால் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அரசு இறங்கி வந்தது. பஸ் சரியாக வராத ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பைக்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அபராதம் தள்ளுபடி ஆன பிறகு அந்தக் குழந்தையின் தலையைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றுவிட்டது. குழந்தை அளவு ஹெல்மெட் வைத்திருக்கிற கடையை எங்கள் பக்கம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சேலை, கண்ணாடி, சைலன்சர்

என் அம்மாவுக்கு இடது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. பழைய பைக் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தேன். அதில் சேலை பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற சாரி கார்டு இல்லை. முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காகக் கழற்றிவிட்டிருக்கிறார், நானும் கண்டுகொள்ளவில்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் சந்தைக்குப் போகும் வழியில் அம்மாவின் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி மெதுவாகப் போனது, வேகத்தடைக்காகப் பிரேக் பிடித்திருந்தேன். அதனால் முழங்கையோடு போயிற்று. சேலை கிழிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மத்திய விதிகளில் 123-வது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட் ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு மூன்றும் ஒவ்வொரு பைக்கிலும் இருக்க வேண்டும். சேலை கட்டி ஒருக்களித்து உட்காருகிற பெண்கள் உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறு இல்லை. இந்த விதிக்காக எங்கள் பக்கம் யாரையும் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், என்னிடம் லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள், இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறார்கள், புகைச் சான்று கேட்டிருக்கிறார்கள். "சாரி கார்டு எங்கே?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியும் விதிப்படி கட்டாயம்தான். வேலந்தாவளம் மெக்கானிக் கடையில் ஒரு பெயிண்ட் வாளி நிறையக் கண்ணாடிகள் கிடக்கின்றன. புது வண்டி எடுத்த ஒரு வாரத்தில் பையன்கள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவை. "வேணும்னா எடுத்துக்கங்க" என்பார். எங்கள் ரோடு வழியாகத் தேங்காய் லாரியும் காய்கறி வண்டியும் இரவு பகலாக ஓடுகின்றன. கண்ணாடி இல்லாத பைக் சட்டென்று வலது பக்கம் ஒடித்தால் பின்னால் வருகிற லாரிக்காரர் என்ன செய்வார்?

இதற்கு நேர்மாறாக, சைலன்சர் எல்லார் காதிலும் விழுகிறது. அதனால் அதன் மேல் நடவடிக்கையும் அதிகம். கேரள மோட்டார் வாகனத் துறை 2022 பிப்ரவரியில் 'ஆபரேஷன் சைலன்ஸ்' என்று பெயர் வைத்தே இறங்கியது. தமிழ்நாட்டிலும் பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கிவைத்துப் படம் எடுப்பது வழக்கம். சட்டத்தில் இதற்கு மூன்று கதவுகள் உண்டு. புகையைச் சைலன்சர் வழியாக விடாமல் வேறு வழியாக விட்டால் 194எஃப், முதல் முறை 1,000 ரூபாய். ஒலி அளவைத் தாண்டினால் 190-வது பிரிவு, 10,000 ரூபாய் வரை, மூன்று மாத ஜெயிலுக்கும் இடம் உண்டு. வண்டியை மாற்றி அமைத்ததற்காக 182ஏ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய்.

ஒலி அளவு என்றால் எவ்வளவு? 80 சிசி வரை 75 டெசிபல், 80-க்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. இது கம்பெனியிலிருந்து வெளியே வரும்போது வண்டிக்கு இருக்க வேண்டிய அளவு. 7.5 மீட்டர் தள்ளி மைக்கை வைத்து, வண்டியைக் குறிப்பிட்ட முறையில் ஓட்டவிட்டு எடுப்பது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிற ரோட்டோரத்தில் இந்தச் சோதனையை அப்படியே செய்ய முடியாது. அதனால் நடைமுறையில் அதிகாரியின் காதும் கண்ணும்தான் தீர்மானிக்கின்றன. குழாயைப் பார்த்தால் கம்பெனிக் குழாயா வெளியே வாங்கியதா என்று அனுபவமுள்ளவருக்குத் தெரிந்துவிடும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் 10,000 ரூபாய் போடுகிற குற்றத்துக்கு ஒரு மீட்டர் ரீடிங் சலானில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மீட்டர் இல்லாவிட்டால் மாற்றியமைப்புக்கான பிரிவில் போடட்டும், அதற்குக் கண்ணால் பார்த்ததே போதும்.

மாற்றியமைப்புப் பற்றிய முக்கியத் தீர்ப்பே கேரளத்திலிருந்து போனதுதான். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. இதைக் கொஞ்சம் தளர்வாகப் படித்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்தது. அதன் பிறகு கேரளத்தில் பிடி இறுகிவிட்டது. 2024-ல் உயர் நீதிமன்றமே மாற்றியமைத்த வண்டிகளைப் பற்றித் தொடர்ந்து உத்தரவு போட்டது. பொள்ளாச்சிப் பையன்கள் பைக்கில் எக்ஸ்ட்ரா எல்.இ.டி. விளக்கு மாட்டிக்கொண்டு கேரளத்து நெல்லியாம்பதி மலைக்குப் போய்ச் சலானோடு திரும்புவதன் பின்கதை இதுதான். எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்குகிற அந்த விளக்குகள் விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் இரக்கமே இல்லை.

நம்பர் பிளேட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்து ஆங்கிலத்திலும் எண் வழக்கமான இலக்கத்திலும்தான் இருக்க வேண்டும். பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர். தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பிளேட் அதற்கான இடமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயம். கேமரா வந்த பிறகு தகட்டை மடித்துவிடுவதும் மாஸ்க்கால் மூடுவதும் ஒரு பழக்கமாகியிருக்கிறது. விபத்து செய்துவிட்டு ஓடுகிறவனுக்கு வழி செய்து கொடுக்கிற காரியம் அது.

விற்ற வண்டிக்கு வந்த சலான்

எல்லையோரத்துக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. எங்கள் பக்கம் கே.எல். 70 வண்டி, அந்தப் பக்கம் டி.என். 41 வண்டி. இரண்டும் இரண்டு பக்கமும் கை மாறும். பணத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட பாரத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். நானும் ஒரு ஸ்கூட்டரை அப்படிப் பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு விற்றேன். எட்டு மாதம் கழித்து என் போனுக்குச் சலான் வந்தது. படத்தில் ஹெல்மெட் இல்லாமல் இருப்பவர் அவர், பிளேட்டில் இருப்பது என் பெயரில் உள்ள நம்பர்.

கேமரா வண்டியின் உரிமையாளரைத்தான் தேடும். வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் விற்றவர் தகவல் கொடுத்து, தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு. அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நான் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை, அதனால் அந்த 500 ரூபாயை நானே கட்டினேன். சலானாவது சின்னத் தொகை. அந்த ஸ்கூட்டர் யார் மேலாவது மோதியிருந்தால் நஷ்டஈட்டு வழக்கு என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். மறு மாதமே பெயர் மாற்றித் தரச் சொல்லி அவரோடு நேரில் போய் உட்கார்ந்து முடித்தேன்.

கேமரா சலானில் ஓட்டுபவருக்கும் பாதுகாப்பு உண்டு. 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதி, கருவியில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கேமரா இருக்கிற பகுதியில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், கருவிக்கு வருடாவருடம் சான்று புதுப்பிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. தவறான சலான் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேதியையும் படத்தையும்தான்.

மொழியும் இங்கே ஒரு பிரச்சினை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கமெல்லாம் வீட்டில் தமிழ்தான். நோட்டீஸ் ஆங்கிலத்தில் வரும், ஆபீஸில் மலையாளத்தில் பேசுவார்கள், வயதானவர்கள் பேரனிடம் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். ஆனால் 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்களும் கன்னடர்களும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. இது பலருக்குத் தெரியாது.

நான் அதைப் பயன்படுத்தினேன். கேமராவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரோட்டோரத்தில் கயிறு கட்டி 250 ரூபாய் ஹெல்மெட் விற்கிறார்கள். அந்த வெற்றுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கேமராவுக்குக் கீழே போகிறவரை யாரும் கேட்பதில்லை, விற்பவரையும் கேட்பதில்லை. முத்திரை இல்லாத கட்டாயத் தரப் பொருளை விற்றால் முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று தர நிர்ணயச் சட்டம் சொல்கிறது. ரோட்டோரத்தில் வெயிலில் நிற்கிறவரை ஜெயிலில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு மூட்டை மூட்டையாகச் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரியைத் தேடிப் பிடிக்கச் சொல்லியும், வண்டிச் சோதனையின்போது கிளிப், ஐ.எஸ்.ஐ. முத்திரை, கண்ணாடி, சாரி கார்டு நான்கையும் பார்க்கச் சொல்லியும் தமிழில் ஒரு மனு எழுதி, மெக்கானிக் கடையில் அறுத்த இரண்டு ஹெல்மெட்டின் படத்தையும் வைத்து ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முத்திரை போட்டு நகல் தந்தார்கள்.

பத்து நாளில் அந்தக் கயிறு அங்கே இல்லை. பதினோராம் நாள் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள், காலையில் எல்லாரும் ஹெல்மெட் மாட்டுகிற அந்த டீக்கடைக்கு எதிரில் அதே ஹெல்மெட்டுகள் தொங்கின. அதே மனுவில் அலுவலகத்தின் பெயரை மட்டும் மாற்றி, பொள்ளாச்சியில் கொடுக்க இன்னொரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.